மூன்று ஓலைகளும் ஒரு வலது கையும்

“உயிரோட இருக்கீங்கல்ல, அதை நெனச்சு சந்தோஷப்படுங்க.”

பிசியோதெரபி படித்துவிட்டு வேலைக்கு வரும் உங்கள் காதிலும் இந்த வாக்கியம் விழும். மார்பில் வந்த புற்றுநோய்க்கு அறுவை முடிந்து, கதிர்வீச்சு வைத்து முடிந்து, பிறகு ஒருநாள் கை வீங்கத் தொடங்கி, அந்தக் கையை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டு ஒரு பெண் திரும்பி வந்து “இது என்ன?” என்று கேட்பாள். அப்போது யாராவது ஒருவர் இதைச் சொல்வார். சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிடுவார். கேட்கும்போது உங்களுக்குக் கோபம் வரவில்லை என்றால் தயவுசெய்து வங்கித் தேர்வு எழுதுங்கள், இன்னும் வயது இருக்கிறது. கோபம் வந்தால் மேலே படியுங்கள்.

நான் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்ந்திருக்கிறேன் என்பது பேச்சுக்கு. கூடத்துக்கும் சமையலறைக்கும் இடையே நடந்துகொண்டிருக்கிறேன். கால் நிற்பதில்லை, மனசும் நிற்பதில்லை. எண்பதுகளின் கடைசியிலிருந்து பூந்தமல்லி நெடுஞ்சாலையோரத்து மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை பார்த்தவள். பிசியோதெரபிஸ்ட் என்ற சொல் அன்றைக்கு அந்த வட்டாரத்தில் யார் வாயிலும் நுழையாது. கை கால் டாக்டர் என்பார்கள். எக்சசைஸ் மேடம் என்பார்கள். பஸ் ஸ்டாண்ட் ஆட்டோக்காரர் ஒருவர், “நீதாம்மே அந்த அமுக்கி உடுற அம்மா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல.

எந்தத் தசையை எப்படி நீட்ட வேண்டும், கட்டுத்துணியை எங்கே சுற்றத் தொடங்கி எங்கே முடிக்க வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் சொல்ல வந்தது வேறு. ஒரு கேள்வியை எந்த அறையில், யார் நிற்கும்போது கேட்பது என்பது பற்றி. அதை எனக்கு எந்த வகுப்பிலும் சொல்லித் தரவில்லை. லூர்துவின் வலது கை சொல்லித் தந்தது.

லூர்து திருமழிசையிலிருந்து வருவாள். தொழிற்பேட்டையில் ஏற்றுமதித் துணி தைக்கும் கம்பெனி ஒன்றில் சட்டைகளுக்கு இஸ்திரி போடும் வேலை. கணவர் லாரியில் வடக்கே போனால் திரும்பி வரும்போதுதான் ஊர் அவரைப் பார்க்கும். ஒரே பெண், ஜெசிந்தா.

அவள் எங்கள் பிரிவுக்குள் முதலில் நுழைந்த நாள் சித்திரை வெயில். மின்விசிறியே வியர்த்துக்கொண்டிருந்தது. அந்த வெயிலிலும் முந்தானையை வலது தோளைச் சுற்றி இழுத்து, விரல் நுனிவரை மூடிக்கொண்டு வந்தாள். எங்கள் பிரிவு ஒரே கூடம். ஒரு மூலையில் லேத்தில் விரல் நசுங்கிய பையன் பந்தை அமுக்கிக்கொண்டிருப்பான். இன்னொரு மூலையில் பக்கவாதம் வந்த வாத்தியார் கையை உயர்த்திப் பழக, சுவரில் விரலால் ஏறிக்கொண்டிருப்பார். நடுவில் முதுகு வலிக்காரர்கள் மூன்று நான்கு பேர் குப்புறப் படுத்தபடி ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பார்கள். மறைப்பு என்ற ஒன்று அங்கே கிடையாது.

“இன்னாம்மா?” என்றேன்.

“யானைக்கால் மேடம். கைக்கு வந்துட்டுது.”

கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். கேட்கவேண்டும் என்றே சொன்னாள் என்று தோன்றியது. முந்தானையை விலக்கினேன். முழங்கைக்கு மேலே ரவிக்கைக் கை கயிறு போல உள்ளே இறங்கியிருந்தது. கீழே புறங்கை, விரல் முட்டி எதுவும் தெரியாமல் ஒரே மேடு. கழுத்தெலும்புக்குக் கீழே, ரவிக்கை விளிம்புக்கு மேலே, தோல் கருத்துக் காய்ந்து பளபளத்தது. வெயில் அப்படிக் கருக்காது. அது கதிர் வைத்த கருப்பு.

யானைக்கால் கொசுவால் வருகிற நோய் என்று அந்தப் பக்கத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் கொசு கழுத்தெலும்புக்குக் கீழே இவ்வளவு நேர்த்தியாகச் சதுரம் போட்டுக் கருக்கிவிட்டுப் போகாது.

நான் ஒன்றும் கேட்கவில்லை. “இங்க இடமில்ல, வாங்க” என்று உடைந்த நடைகுச்சிகளும் மெழுகு உருக்கும் தொட்டியும் கிடந்த சாமான் அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன். அவள் கதவைப் பார்த்தாள். தாழ்ப்பாளைப் பார்த்தாள். பிறகு ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்து பேசினாள்.

“பெரியாஸ்பத்திரில ஒருபக்கம் எடுத்துட்டாங்கோ மேடம். கர்ப்பப்பை ஆபரேசன்னு தெருவுல சொல்லி வச்சிகீறேன். அப்புறம் கை வீங்கிச்சா, பக்கத்தூட்டுக்காரி பாத்துட்டு, ஐயோ யானைக்காலாச்சேன்னா. ஆமான்னுட்டேன். ஆண்டவர் அனுப்பிச்ச பொய் மேடம் அது. நான் தேடிக்கூட போவல.”

“ஏம்மா? யானைக்கால்னு சொன்னா மட்டும் ஊர் சும்மா இருக்குமா?”

“யானைக்கால்னா கொசு மேல பழி. கான்சர்னா என் ரத்தத்து மேல பழி. என் ரத்தந்தானே பொண்ணுக்குள்ள ஓடுது? எவன் கட்டுவான்?”

எனக்கு அவள்மீது கோபம் வரவில்லை. அந்தக் கணக்கை அவளிடம் போட்டுப் பழக வைத்தவர்கள்மீது வந்தது. அதைவிடப் பெரிய கோபம் இன்னொன்று. அறுவைக்கு முன்னால் யாராவது சொன்னார்களா என்று கேட்டேன். அக்குளிலிருந்து நிணநீர் முடிச்சுகளை எடுக்கும்போது கையின் வடிகாலையே எடுக்கிறோம், மழை நின்ற பிறகும் அம்பத்தூர்ப் பக்கத் தெருக்களில் தண்ணீர் நிற்பதுபோல உன் கையில் நீர் நிற்கலாம், வீங்கத் தொடங்கிய உடனே வந்துவிடு என்று ஒரு வார்த்தை? ஒருவரும் சொல்லவில்லை. வீங்கிய பிறகு பெரியாஸ்பத்திரி டாக்டரிடம் போய்க் கேட்டதற்குக் கிடைத்ததுதான் நான் முதலில் எழுதிய அந்த வாக்கியம். அவளுக்கு அது மனப்பாடம். அந்த டாக்டரைப்போலவே கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு சொல்லிக் காட்டினாள். நன்றாக நடித்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது.

எங்கள் பிரிவின் தலைவர் நல்லவர்தான். ஆனால் விறைத்த கை எது வந்தாலும் சூட்டு மெழுகில் முக்கு என்பவர். இதற்கும் அதையே சொன்னார். ஏற்கெனவே தேங்கிய கைக்குச் சூடு காட்டினால் இன்னும் நிறையும் என்றேன். “நீ எத்தனை நோயாளியப் பாத்திருக்கே?” என்றார். “இந்த ஒருத்திய நல்லாப் பாத்திருக்கேன் சார்” என்றேன். அன்றைக்குத் தொட்டியின் அடுப்பைப் பற்றவைக்கவே இல்லை.

தினமும் சாமான் அறையில் கட்டுப் போட்டோம். இன்றைக்கு உங்களுக்கு அளவெடுத்துத் தைத்த அழுத்தக் கையுறைகள் வருகின்றன. எங்களுக்குப் பஞ்சும் இழுத்துச் சுற்றும் கிரேப் துணியும்தான். கொஞ்சம் கொஞ்சமாகக் கை இறங்கியது. விரல் முட்டிகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன, ஏரி வற்றும்போது கல் தெரிகிற மாதிரி. ஆனால் ஒரு தொல்லை. இங்கிருந்து போகும்போது பஸ் ஸ்டாண்டிலேயே கட்டை அவிழ்த்துப் பைக்குள் திணித்துவிடுவாள். யானைக்காலுக்கு யார் இப்படிக் கட்டுப் போடுவார்கள், கேட்டால் என்ன சொல்வது என்று. அதனால் பகலில் இறங்கியது இரவில் ஏறிவிடும்.

“இந்தக் கையில ஒரு கீறல் விழக்கூடாது. ஊசி கூடாது, சுடக்கூடாது, இறுக்கமா எதுவும் கூடாது” என்று சொல்லிக்கொண்டே இருப்பேன்.

“இஸ்திரிப்பெட்டி கிட்ட சொல்லு மேடம்” என்பாள்.

அந்தச் சமயத்தில்தான் ஜெசிந்தாவுக்கு வரன் அமைந்தது. மாப்பிள்ளை ஆவடிப் பக்கம் பட்டறையில் வேலை. பையனின் அம்மா பெயர் ஞானம்மா. நல்ல உயரம், நல்ல குரல், சந்தேகமே தன் சொத்து என்பதுபோல ஒரு பார்வை. கையைப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறாள். யானைக்கால் என்றதும், “கொசு எங்கூர்ல மட்டும் இல்லியா?” என்று விட்டுவிட்டாளாம். லூர்து அதை என்னிடம் சொன்னபோது பரீட்சையில் தேறியவள்போல இருந்தாள்.

நான் கோயில் என்றால் வேறு கோயிலை நினைக்கிறவள். அதனால் ஓலை வாசிப்பது என்றால் என்னவென்று அவள்தான் விளக்கினாள். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் பெண், மாப்பிள்ளை பெயரைச் சாமியார் எல்லார் முன்னாலும் வாசிப்பார். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று கேட்பார்.

“அந்தத் தடை வேற தடைம்மா. முன்னாலயே கல்யாணம் ஆயிருந்தா, நெருங்கின ரத்த உறவுன்னா, அந்த மாதிரி” என்றேன்.

“உனக்கு இன்னா தெரியும் மேடம்? தடைன்னு சொல்றப்ப எல்லார் கண்ணும் என் நெஞ்சு மேலதான் இருக்கும்.”

மூன்று ஓலையும் தாண்டும்வரை யாருக்கும் தெரியக்கூடாது. அவளுக்கு இருந்த ஒரே வேண்டுதல் அது.

முதல் ஓலை வாசித்தாகிவிட்டது. அந்த வாரம் மாப்பிள்ளை வீட்டார் சேலை வைக்க வந்தார்கள். ஞானம்மா ஆவடி மார்க்கெட்டிலிருந்து வீட்டுப் பெண்கள் எல்லாருக்கும் கண்ணாடி வளையல் வாங்கி வந்திருந்தாள். தன் கையாலேயே போட்டுவிடுவாளாம். வரிசையில் லூர்துவின் முறை வந்தது. இடது கையில் ஏறியது. வலது கையை நீட்டச் சொன்னாள்.

இதை ஜெசிந்தா பிறகு எனக்கு அப்படியே சொன்னாள்.

“வாணாம் சம்பந்தி, ஒரு கையே போதும்.”

“ஒரு கைக்கு வளையல் போட்டு மூளியா நிக்கிறதா? நல்ல காரியம். குடு கைய.”

“சின்னதா கீதே.”

“சோப்பு போட்டா ஏறும். யானைக்காலுக்கு வளையல் ஆவாதுன்னு எவ சொன்னா?”

எவளும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய காரணத்தைத்தான் லூர்து புதைத்து வைத்திருந்தாளே. நுரை போட்டு அழுத்தினார்கள். புறங்கை மேட்டில் வளையல் சிக்கி, ஞானம்மா இன்னொரு முறை அழுத்த, பட்டென்று உடைந்தது. நல்ல காரியத்தில் கண்ணாடி உடைந்ததை யாரும் பெரிதுபடுத்த விரும்பவில்லை. லூர்து கையை மூடிக்கொண்டு சிரித்தாள். உள்ளே கீறல், மேலே சிரிப்பு. எல்லாரும் கேசரி சாப்பிட்டார்கள்.

இரண்டு நாளில் குளிர் ஜுரம். பக்கத்து கிளினிக்கில் கேட்டார்கள், இவள் யானைக்கால் என்றாள். யானைக்காலுக்கு இப்படி ஜுரம் வந்து போகும் என்று அதற்கான மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்த டாக்டர்மேல் நான் குறை சொல்ல மாட்டேன். அவரிடம் வந்த கதைக்கு அவர் கொடுத்தது சரியான மருந்து. கதைதான் வேறு. மறுநாள் காலை கை தோள்வரை சிவந்து, தொட்டால் அடுப்புக்கல். கல்யாணச் சாப்பாடு பற்றிப் பேச வந்திருந்த ஞானம்மாவும் ஆட்டோவில் ஏறிக்கொண்டாள். மூவருமாக எங்கள் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு வந்தார்கள். ஜெசிந்தா மட்டும் மூச்சிரைக்க என்னிடம் ஓடிவந்தாள்.

“மேடம், அம்மாக்கு தூக்கித் தூக்கிப் போடுது. அந்த அம்மாவும் கூட நிக்கிது.”

இப்போது அந்த அறையைப் பாருங்கள். கட்டிலில் லூர்து, பல் கிட்டித்து நடுங்குகிறாள். தலைமாட்டில் ஞானம்மா, கையில் செபமாலை, கண்ணில் கேள்வி. கால்மாட்டில் டியூட்டி டாக்டர், சின்ன வயசு, பெரிய குரல். சுவரோரம் சக்கரம் வைத்த பச்சைத் துணித் திரை ஒன்று. இருந்தது! அந்த ஆஸ்பத்திரியிலேயே இருந்த ஒரே திரை. அதன்மேல் ஊழியர்களின் ஈரத் துண்டுகள் காய்ந்துகொண்டிருந்தன.

“இதுக்கு முன்னாடி ஏதாச்சும் ஆபரேஷன் நடந்திருக்கா?” டாக்டர் வராந்தா வரைக்கும் கேட்கிற குரலில் கேட்டார்.

லூர்து ஞானம்மாவைப் பார்த்தாள். “இல்ல சார்.”

“நல்லா யோசிச்சு சொல்லுங்க.”

“இல்ல சார். மாதா மேல சத்தியமா.”

நடுங்கிக்கொண்டே பொய்ச்சத்தியம் செய்தாள். உயிரைவிடப் பெரியதாக ஒன்றை அந்தக் கட்டிலில் அவள் காத்துக்கொண்டிருந்தாள். டாக்டர் ரத்த அழுத்தப் பட்டையை எடுத்துச் சிவந்த கையிலேயே சுற்றப் போனார். பக்கத்தில் நர்ஸ் அதே கையில் ஊசி ஏற்ற நரம்பு தேடத் தயாராக நின்றாள்.

“அந்தக் கை வேணாம் டாக்டர்” என்றேன்.

“ஏன்?”

ஏன். எத்தனை சின்னச் சொல். பதில் சொன்னால் மருந்து சரியாகிவிடும், கல்யாணம் போய்விடும். சொல்லாவிட்டால் கல்யாணம் இருக்கும், கையும், ஒருவேளை ஆளும், போய்விடும். ஆங்கிலத்தில் சொல்லித் தப்பலாம் என்று உங்களுக்குத் தோன்றலாம். கான்சர் என்ற சொல்லுக்கு அந்த வட்டாரத்தில் மொழிபெயர்ப்பே தேவையில்லை. ஆங்கிலம் ஒரு எழுத்து தெரியாதவர்களும் அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் நகர்ந்து உட்காருவார்கள்.

“அம்மா,” என்று ஞானம்மா பக்கம் திரும்பினேன். “அவசரமா ஊசி ஏத்தற குழாய் வேணும். இங்க தீந்துபோச்சு. பஸ் ஸ்டாண்ட் எதிர்ல மெடிக்கல் கடை. நீங்க போய் வாங்கியாந்துடுங்க.”

“ஜெசிந்தா போவட்டுமே. சின்னப் பொண்ணு, ஓடியாரும்.”

“ஜெசிந்தா இங்க கையெழுத்துப் போடணும்.”

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். செபமாலையைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். நான் திரையை இழுத்தேன். ஈரத் துண்டுகள் தரையில் விழுந்தன. சக்கரம் எண்ணெய் காணாத குரலில் கத்தியது. அந்தச் சத்தம் ஓய்வதற்குள் டாக்டரிடம் முழுதும் சொல்லிவிட்டேன். மார்பு அறுவை, அக்குள் முடிச்சு, கதிர், கட்டு, வளையல், கீறல். யானைக்கால் இல்லை, கீறல் வழியாகப் புகுந்த கிருமி, கை முழுக்கப் பரவுகிறது.

டாக்டர் புத்திசாலி. உடனே பிடித்துக்கொண்டார், இடது கையில் மருந்து ஏற ஆரம்பித்தது. ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. “முன்னாடியே சொல்றதுக்கு என்னம்மா? படிக்காதவங்களோட இதான் தொல்லை.”

“யார் முன்னாடி டாக்டர்?” என்றேன்.

“என்ன?”

“சம்பந்தி தலைமாட்டுல நிக்கிறாங்க. பொண்ணுக்கு ஓலை வாசிச்சுட்டு இருக்காங்க. நீங்க வராந்தா வரைக்கும் கேக்கறாப்ல கேட்டீங்க. பதில் சொல்ல இடம் எங்க இருந்தது? இந்தத் திரை துண்டு காயப்போடறதுக்கா?”

அவர் முகம் சிவந்தது. லூர்துவின் கைக்கு அப்புறம் அந்த அறையில் சிவந்த இரண்டாவது பொருள் அது. நான் குரலை உயர்த்தியிருக்கக் கூடாது என்று பிறகு சிலர் சொன்னார்கள். அவர் உயர்த்தியபோது ஒருவரும் அப்படிச் சொல்லவில்லை என்பதை நான் குறித்து வைத்துக்கொண்டேன்.

ஞானம்மா குழாயோடு வந்தாள். அதே குழாய் இடது கையில் ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்தது. வராந்தாவில் என்னை மடக்கினாள்.

“என்னைக் கடைக்குத் தொரத்திட்டு உள்ள இன்னா பேசினீங்கோ?”

“வைத்தியம் பேசினோம்.”

“நான் கேட்டதுக்கு பதில் சொல்லு. இன்னா வியாதி அது?”

“அவங்க விஷயம் அவங்க வாயிலேருந்துதாம்மா வரணும். என் வாயிலேருந்து வராது.”

“கை அமுக்கறவ நீ. கலெக்டராட்டம் பேசறியே.”

“கலெக்டர் கிட்ட கேட்டாலும் இதேதான் சொல்லணும்.”

பெண் மாப்பிள்ளை பெயர்கள் இரண்டாவது முறை வாசிக்கப்பட்டபோது லூர்து வார்டில் படுத்திருந்தாள். ஜுரம் இறங்கியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே நெடுஞ்சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொரு ஹார்னுக்கும் தலையைத் திருப்பினாள். கணவர் இன்னும் வழியில்தான் இருந்தார். மறுநாள் நான் கையைப் பார்க்கப் போனபோது சொன்னாள்.

“மேடம், சம்பந்திய வரச்சொல்லிகீறேன். சொல்லிடப் போறேன்.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “இன்னும் ஒரு ஓலைதானே பாக்கி? இத்தனை பொறுத்தீங்களே.”

“ஓலை மூணு வாரந்தான். கை சாவற வரிக்கும். தெனம் கட்டு போடணும்னு நீதானே சொல்றே? கல்யாணத்துக்கப்புறம் அந்தம்மா ஊட்டுக்கு வரும், போவும். எத்தினி வாட்டி பஸ் ஸ்டாண்டுல அவுத்துப் பையில திணிக்கிறது? தோ, ஒரு வளையலுக்கே சாவ இருந்தேன்.” வலது கையை மெல்லத் தலையணைமேல் தூக்கி வைத்தாள். “நீ அந்தத் திரைய மட்டும் தள்ளிக்கினு வா. மிச்சத்த நான் பாத்துக்கறேன்.”

தள்ளிக்கொண்டு வந்தேன். ஞானம்மா வந்தாள். திரைக்கு உள்ளே நாங்கள் மூவர். லூர்து இடது கையாலேயே ரவிக்கைக் கொக்கிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். அது எவ்வளவு நேரம் எடுத்தது என்று கேட்காதீர்கள். நான் உதவிக்குப் போகவில்லை. அது அவள் பேச்சு, அவள்தான் பேச வேண்டும்.

“இதான் சம்பந்தி. கான்சரு. எடுத்தாச்சு. கை வீங்கறது அதால. யானைக்கால்னது பொய்.”

ஞானம்மா பார்த்தாள். அந்தக் கருத்த சதுரத்தை, தையல் தடத்தை, இல்லாத இடத்தை.

“நாளைக்கு எம் பையனுக்குப் பொறக்கற பொண்ணுக்கு?” என்றாள். என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்.

“வரும்னும் சொல்ல முடியாது, வராதுன்னும் சொல்ல முடியாதும்மா. உங்க ஊட்ல பொறக்கற யாருக்கும் எந்த வியாதியும் வராதுன்னு நீங்க சத்தியம் பண்ணுவீங்களா?”

எழுந்து போய்விட்டாள். திரைக்கு அந்தப் பக்கம் அவள் செருப்புச் சத்தம் வார்டின் நீளம் முழுக்கக் கேட்டது.

மூன்றாவது ஞாயிறு எனக்கு விடுமுறை. ஆனால் போயிருந்தேன். லூர்து கட்டிலில் சம்மணமிட்டு, வலது கையைத் தலையணைமேல் உயர்த்தி வைத்துக்கொண்டு, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பூசை முடிகிற நேரம் தாண்டியது. திருமழிசை பஸ் வருகிற நேரமும் தாண்டியது. பக்கத்துக் கட்டில்காரி ஆரஞ்சுச் சுளை நீட்டினாள், வாங்கவில்லை. கடைசியில் ஜெசிந்தா வந்தாள். தலையில் முக்காடு அப்படியே இருந்தது, எடுக்க மறந்திருக்கிறாள்.

“வாசிச்சாங்கம்மா.”

லூர்து அழவில்லை. “அந்தச் சுளையக் குடு” என்று பக்கத்துக் கட்டிலிடம் கையை நீட்டினாள்.

இங்கே கதையை நிறுத்தினால் ஞானம்மாவை ஒரு நல்ல மனுஷியாக்கி அனுப்பிவிடலாம். என்னால் முடியாது. அவள் ஒரு நிபந்தனையோடுதான் ஒத்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்தன்று கையில் கட்டு கூடாது. உறவில் யார் கேட்டாலும் யானைக்கால்தான். ஆக, ஒரு வீடு காத்துவந்த பொய்யை இனி இரண்டு வீடு காக்கும். எனக்கு ரத்தம் கொதித்தது. போய்க் கேட்கிறேன் என்று கிளம்பினேன். “சும்மா இரு மேடம், நீ கட்டு மட்டும் போடு” என்றாள் லூர்து.

கல்யாணத்தன்று காலை பூசைக்கு முன்னால் அவர்கள் வீட்டிலேயே கட்டுப் போட்டேன், விரலிலிருந்து தோள்வரை. அவள் பட்டு ரவிக்கைக்கு வலது கையை மட்டும் தொளதொளவென்று தைக்கச் சொல்லியிருந்தாள். கோயில் வாசலில் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் கூட்டமாக நின்றார்கள். அவர்களில் ஒருத்தி கேட்டேவிட்டாள்.

“கைல இன்னா அது, இம்மாம் பெரிய கட்டு?”

ஞானம்மா முந்திக்கொண்டாள். “அது ஒண்ணுமில்ல, யானைக்...”

“கான்சர் வந்திச்சு,” என்றாள் லூர்து. எந்த பஸ் எங்கே நிற்கும் என்று வழி சொல்கிற குரலில் சொன்னாள். “ஆபரேசன் பண்ணி எடுத்துட்டாங்கோ. கை வீங்கும், கட்டு போட்டா எறங்கும். வா, உள்ள போலாம், மணி அடிச்சுட்டாங்கோ.”

யாரும் நகர்ந்து போகவில்லை என்று எழுத ஆசை. இருவர் நகர்ந்தார்கள். ஞானம்மா நகரவில்லை. கோயிலுக்குள் முதல் வரிசையில் லூர்துவின் வலது பக்கத்தில்தான் உட்கார்ந்தாள், முகம் கல்லாக. தாலி கட்டி முடிந்ததும் பெண்ணை ஆசீர்வதிக்கத் தாயைக் கூப்பிட்டார்கள். லூர்து அந்தக் கட்டோடு கையைத் தூக்கினாள். எத்தனையோ நாள் சாமான் அறையில் சுவரில் விரலால் ஏறி ஏறிப் பழகிய உயரம் அது. ஜெசிந்தாவின் நெற்றிக்குத் தாராளமாக எட்டியது. கட்டுக்கு வெளியே தெரிந்த கட்டைவிரலால் சிலுவை போட்டாள்.

பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில் நின்றேன். என் பின்னால் ஒரு பெண் வந்து நின்றாள். மாப்பிள்ளை வீட்டுப் பக்கம், முன்னே பின்னே பார்த்ததில்லை. முந்தானையை இடது தோளைச் சுற்றி விரல் நுனிவரை இழுத்திருந்தாள்.

“கட்டு நீதான் போட்டியா மேடம்?”

“ஆமா.”

சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “நானும் யானைக்கால்னுதான் சொல்லிக்கினு கீறேன்.” நான் அவள் கையைப் பார்க்கவில்லை. அங்கே பத்துப் பேர் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தார்கள். “உங்க ஆஸ்பத்திரில மறைப்பு கீதா?”

“கீது” என்றேன். “நாளைக்கு வாங்க.”

எங்கள் பிரிவில் அன்றுவரை கிடையாது. மறுநாள் காலை அவள் வருவதற்குள் அவசரப் பிரிவுக்குப் போய், துண்டுகளை எடுத்து நாற்காலியில் போட்டுவிட்டு, அந்தப் பச்சைத் திரையை வராந்தா முழுக்கக் கத்தக் கத்த உருட்டிக்கொண்டு வந்தேன். எங்கள் தலைவர் வாசலில் நின்றார்.

“யாரைக் கேட்டு எடுத்தே?”

“இத்தனை வருஷமா யாரைக் கேட்டு சார் இது இல்லாம இருந்தோம்?” என்றேன். “அவங்களுக்கு வேற வாங்கச் சொல்லுங்க. கொஞ்சம் நகருங்க, வெளிய ஒரு அம்மா காத்திருக்காங்க.”